குடல் நுண்ணுயிரிகள், உணவு, நோய்: வடாற்காட்டுச் சான்றுகள்

குடல் நுண்ணுயிரிகள் என்பவை மனிதரின் உணவுப்பாதையில், குறிப்பாகப் பெருங்குடலில், வாழும் பாக்டீரியா முதலான நுண்ணுயிர்களின் தொகுப்பாகும். மனிதர் உண்ணும் உணவில் செரிக்காமல் எஞ்சும் பகுதியே இவற்றின் உணவு. இவை உண்டாக்கும் வேதிப்பொருட்கள் குடற்சுவரையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கின்றன. மூளை, நரம்பு நோய்கள் சிலவற்றிலும், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய்கள் சிலவற்றிலும் உணவுக்கும் நுண்ணுயிரிகளுக்கும் பங்குண்டு என்பது பல்வேறு அளவிலான சான்றுகளுடன் அறியப்பட்டுள்ளது.

இத்துறையின் முதன்மையான ஆய்வுகள் சில தமிழ்நாட்டின் பழைய வடாற்காடு மாவட்டத்தில் நடந்தவை. வேலூர், ஆரணி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களை உள்ளடக்கியிருந்த அம்மாவட்டத்தின் கிராமங்களிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஆய்வகங்களிலும் 1960-கள் முதல் குடல் நோய்கள் தொடர்ந்து ஆராயப்பட்டு வந்துள்ளன. இவ்வாய்வுகளின் முடிவுகளையும், அவற்றோடு தொடர்புடைய உலக ஆய்வுகளையும், அவை சோறும் கூழும் உண்ணும் மக்களுக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரமும் உணவும்

ஆரணி, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த பட்டு நெசவு நகரம். வேலூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. 1989-இல் வடாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டும், அரிசி ஆலைகளும் நகரின் இரு பெரும் தொழில்கள்.

இவ்வட்டாரத்தின் முதன்மை உணவு அரிசிச் சோறு. கேழ்வரகுக் கூழும் களியும், கம்பும், பழைய சோறும் நீராகாரமும் உழைக்கும் மக்களின் காலை உணவாக நெடுங்காலம் இருந்துவந்துள்ளன. நிலக்கடலை பரவலாக விளைகிறது. கோதுமை பிற்காலத்தில் சேர்ந்த உணவு. பெரும்பாலும் இரவு வேளைச் சப்பாத்தியாகவும், ரவை, மைதாப் பண்டங்களாகவும் உண்ணப்படுகிறது. இறைச்சி பல வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் உணவு. ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணர் முழு மரக்கறி உணவினர்.

இவ்வுணவு முறையின் மூன்று கூறுகள் குடல் நுண்ணுயிரி ஆய்வில் முக்கியமானவை. கோதுமை குறைவு, ஆறிய சோறு, புளித்த கூழ் ஆகியவற்றின் வழி செரியா மாவுச்சத்து கிடைக்கிறது, விலங்குணவு குறைவதால் பி12 உயிர்ச்சத்தும் குறைவாகக் கிடைக்கிறது. முதல் இரண்டும் நன்மை தரக்கூடியவை. மூன்றாவது நரம்புகளுக்கு ஆபத்தானது.

முன்னோடி ஆய்வுகள்

குறைபாடுள்ள உணவு குடலையும் சிதைக்கிறது என்ற கருத்தை இந்தியாவில் முதலில் வலியுறுத்தியவர்களுள் ஒருவர் இராபர்ட் மெக்காரிசன். நீலகிரியின் குன்னூரில் இவர் விலங்குகளுக்குக் குறைபாடுள்ள உணவுகளைக் கொடுத்து, செரிமானப் பாதையில் ஏற்படும் மாற்றங்களை விவரித்தார். பின்னர் இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். பால், முழுக் கோதுமை, பருப்பு, காய்கறி அடங்கிய உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. குன்னூர் ஆய்வகமே பின்னாளில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

அதே காலத்தில் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களுள் துணி ஆலைத் தொழிலாளர் பலர் இருந்தனர். நொதியத்திலிருந்து செய்யப்பட்ட 'மார்மைட்' என்னும் மலிவான பசையைக் கொடுத்தபோது அவர்கள் குணமடைந்தனர். இம்முடிவு 1931-இல் வெளியானது. 'வில்ஸ் காரணி' எனப்பட்ட அப்பொருள் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரியவந்தது. ஃபோலிக் அமிலமும் பி12-உம் இணைந்து செயல்படுபவை. இவ்விரண்டின் தொடர்பே பின்னர் வேலூர் ஆய்வுகளின் மையமானது.

வெப்பமண்டல ஸ்புரூ

1960-களின் தொடக்கத்தில் வடாற்காட்டுக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் பரவியது. சாதாரண வயிற்றுப்போக்கு சில நாட்களில் நின்றுவிடும். இது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடித்தது. நோயாளிகள் மெலிந்தனர்; நாக்கு புண்ணானது; இரத்தசோகை உண்டானது. இறப்புகளும் நேர்ந்தன. இந்நோய் வெப்பமண்டல ஸ்புரூ என அடையாளம் காணப்பட்டது.

சி.எம்.சி.யில் இயங்கிய வெல்கம் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோரின் குழுவினர் இக்கிராமங்களில் நேரடியாகப் பணிபுரிந்து நோயின் பரவலையும் போக்கையும் பதிவு செய்தனர். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இந்நோயில் தட்டையாகின்றன. அதனால் கொழுப்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை உடலில் சேருவதில்லை. நோயாளிகளின் சிறுகுடலில் பாக்டீரியாக்கள் மிகுதியாகக் குடியேறியிருந்தன. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியும் மருந்தாகத் தரப்பட்டன. தனியொரு கிருமியே காரணம் என்று நிறுவப்படவில்லை. இன்று இந்நோய் அரிதாகிவிட்டது.

இவ்வாய்வுகளின்போது எதிர்பாராத வேறொன்றும் தெரியவந்தது. நோயற்றவர்களாகத் தோன்றிய தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் மேலைநாட்டவரைவிட மிகுதியான பாக்டீரியாக்கள் இருந்தன. குடலுறிஞ்சிகளும் சற்றுக் குட்டையாக இருந்தன. தூய்மையற்ற நீரும் சுற்றுப்புறமும் உள்ள இடங்களில் வாழ்வோரின் குடலில் காணப்படும் இந்நிலை 'வெப்பமண்டலக் குடல் மாற்றம்' எனப்படுகிறது. இயல்பான குடல் எது என்பதை ஒரு நாட்டின் அளவுகோலால் மற்றொரு நாட்டில் முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

பி12: நுண்ணுயிரியிலிருந்து நரம்பு வரை

பி12 உயிர்ச்சத்தைத் தாவரங்களோ விலங்குகளோ உண்டாக்குவதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே உண்டாக்குகின்றன. ஆடு, மாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் ஆக்கிய பி12, பால், இறைச்சி வழியாக மனிதருக்குக் கிடைக்கிறது. மீனிலும் முட்டையிலும் இது உண்டு. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோகிராம் போதும். கல்லீரல் இதைப் பல ஆண்டுகளுக்குத் தேவையான அளவு சேமித்து வைக்கும். ஆகவே குறைபாடு மெதுவாகவே வெளிப்படுகிறது.

மனிதரின் பெருங்குடல் பாக்டீரியாக்களும் பி12 உண்டாக்குகின்றன. ஆனால் பி12 உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. பெருங்குடல் அதற்கும் கீழே இருப்பதால் அங்கு உண்டாகும் பி12 மலத்தோடு வெளியேறிவிடுகிறது. 1980-இல் எம். ஜே. ஆல்பர்ட், மாதன், பேக்கர் ஆகியோர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தென்னிந்தியரின் சிறுகுடலிலேயே வாழும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா ஆகிய பாக்டீரியா வகைகள் குறிப்பிடத்தக்க அளவு பி12 உண்டாக்கக் கூடியவை என்று அது காட்டியது. விலங்குணவைக் குறைவாக உண்ணும் மக்களில் பலருக்கும் ஏன் கடும் குறைபாடு தோன்றுவதில்லை என்ற கேள்விக்கு இது ஒரு சாத்தியமான விடையைத் தந்தது.

எனினும் இம்முடிவைப் பாதுகாப்பு உறுதியாகக் கொள்ள இயலாது. சிறுகுடலில் பாக்டீரியா அளவு கடந்தால் அவை பி12-ஐத் தாமே எடுத்துக்கொள்வதும் உண்டு. இந்தியாவில் பி12 குறைபாடு பரவலாகவே காணப்படுகிறது. 'கூழும் மோரும் குடித்தால் பி12 கிடைத்துவிடும்' என்ற நம்பிக்கையில் பாதியே சரி. பாலிலும் மோரிலும் ஓரளவு பி12 உண்டு. தானியம் புளிப்பதால் மட்டும் நம்பத்தக்க அளவு உண்டாவதில்லை.

பி12 குறைந்தால் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. பாதங்களில் மதமதப்பு, எரிச்சல், கால் தரையில் படுவதை உணராமை, இருட்டில் தள்ளாட்டம் ஆகியவை முதலில் தோன்றும் அறிகுறிகள். பின்னர் கைவிரல்களின் நுண்ணுணர்வு குறைகிறது. தண்டுவடத்தின் பின்புறத் தடங்கள் பாதிக்கப்படுகின்றன. மறதி, மனச்சோர்வு, குழப்பம், சில வேளைகளில் மனநோய் போன்ற நிலையும் உண்டாகலாம். முதியவர்களிடம் இது முதுமை மறதி என்று கருதப்பட்டுக் கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

குழித்தறியில் அமர்ந்து காலால் மிதித்து, விரல்களால் இழை பிடித்து வேலை செய்யும் நெசவாளர்க்கு இவ்வறிகுறிகள் தொழிலையே பாதிப்பவை. நெடுநேரம் உட்கார்ந்திருப்பதால் கால் மரத்துப்போவது நெசவில் இயல்பு என்பதால், பி12 குறைபாட்டினால் வரும் மதமதப்பும் அதோடு சேர்த்துக் கருதப்பட வாய்ப்புண்டு. உட்கார்வதால் வரும் மரப்பு எழுந்து நடந்தால் சற்று நேரத்தில் தீரும். இரண்டு பாதங்களிலும் ஒருசேரத் தோன்றி, ஓய்விலும் நீங்காமல் மேலே ஏறிவரும் மதமதப்புக்கு இரத்தப் பரிசோதனை தேவை. நீரிழிவு நோயாலும் இதே அறிகுறி தோன்றலாம். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் பி12 உறிஞ்சுதல் குறைகிறது.

இதில் ஃபோலிக் அமிலம் தொடர்பான எச்சரிக்கை ஒன்று உண்டு. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சீராகிவிடும்; நரம்புச் சிதைவு தொடரும். இரத்த அளவு தேறியதைக் கண்டு நோய் தீர்ந்ததாகக் கருதினால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். காலத்தில் பி12 ஊசியோ மாத்திரையோ தொடங்கினால் பாதிப்பின் பெரும்பகுதி மீளும்.

பி12 குறைபாடு தன்னுடல் தாக்குநோயாலும் வரலாம். பெர்னீசியஸ் இரத்தசோகை என்னும் நோயில், பி12-ஐ உறிஞ்சத் தேவையான 'உட்காரணி' என்னும் புரதத்தையும் அதைச் சுரக்கும் இரைப்பைச் செல்களையும் உடலின் எதிர்ப்பாற்றலே அழிக்கிறது. அத்தகையோர் இறைச்சியும் பாலும் நிறைய உண்டாலும் குறைபாடு நீங்காது. 1926-இல் மினோ, மர்ஃபி ஆகியோர் ஈரலை மிகுதியாக உண்ணக் கொடுத்து இந்நோயைக் கட்டுப்படுத்தினர். 1934-இல் விப்பிளுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1948-இல் ஈரலிலிருந்து பி12 பிரித்தெடுக்கப்பட்டது.

கோதுமையும் சீலியாக் நோயும்

உணவு ஒரு தன்னுடல் தாக்குநோயை நேரடியாகத் தூண்டுகிறது என்பதற்கு மிக உறுதியான எடுத்துக்காட்டு சீலியாக் நோய். கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம், மரபுவழியாக ஏதுவானவர்களின் குடலில் எதிர்ப்பு வினையைத் தூண்டுகிறது. குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமல் தள்ளாட்டமும் கை கால் நரம்புப் பாதிப்பும் முதலில் தோன்றும். குளூட்டன் உள்ள உணவை முழுவதுமாக விலக்குவதே மருந்து.

இந்நோய்க்கு ஏதுவான எச்.எல்.ஏ.-டி.கியூ.2, டி.கியூ.8 ஆகிய மரபணு வகைகள் இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலும் உள்ளன. சி.எம்.சி.யில் நெடுங்காலம் பணியாற்றிய குடலியல் மருத்துவர் பி. எஸ். இராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. அதன்படி இம்மரபணு வகைகள் வட இந்தியாவில் 38.1 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 31.4 விழுக்காட்டினரிடமும், தென்னிந்தியாவில் 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஆனால் சீலியாக் நோய் வட இந்தியாவில் 1,000 பேருக்கு 8.53 ஆகவும், வடகிழக்கில் 4.66 ஆகவும், தெற்கில் 0.11 ஆகவும் இருந்தது. சராசரிக் கோதுமை உட்கொள்ளல் வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம். வடகிழக்கில் 37 கிராம். தெற்கில் 25 கிராம்.

மரபணு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தும் நோய் பல மடங்கு வேறுபடுவதற்கு உணவு வேறுபாடு முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. அதுவே முழுக் காரணம் அன்று. வடகிழக்கிலும் கோதுமை உட்கொள்ளல் குறைவே, ஆயினும் நோய் தெற்கைவிட அதிகம். மரபணுவின் உட்பிரிவுகள், குடல் நுண்ணுயிரிகள், குழந்தைப் பருவத் தொற்றுகள் ஆகியவை பிற காரணங்களாக இருக்கலாம்.

இம்முடிவிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. சோற்றை முதன்மையாக உண்ணும் ஊரில் சீலியாக் நோய் அரிது என்பதால், நோய் உறுதியாகாதவர் 'குளூட்டன் அற்றது' என விலை கூட்டி விற்கப்படும் பண்டங்களை வாங்கத் தேவையில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாம் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. மறுபுறம், மரபணு மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் இருப்பதால், கோதுமை, மைதா உணவு பெருகும்போது நோயும் பெருகக்கூடும். காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவும் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் உள்ளவர்களுக்குச் சீலியாக் பரிசோதனை செய்வது தென்னிந்தியாவிலும் பொருத்தமானதே. பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரும்.

செரியா மாவுச்சத்தும் பழைய சோறும்

வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்தை அடைகிறது. இது செரியா மாவுச்சத்து எனப்படும். பெருங்குடலை அடையும் இதை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் செல்களின் முதன்மை எரிபொருள் பியூட்டிரேட். குடற்சுவரின் இறுக்கத்தைக் காக்கவும், நீரையும் உப்பையும் உறிஞ்சவும் இவ்வமிலங்கள் உதவுகின்றன.

இச்செயல்முறையை மருத்துவத்தில் பயன்படுத்திய ஆய்வும் வேலூரில் நடந்தது. காலரா நோயாளிகளுக்குத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் செரியா மாவுச்சத்தைச் சேர்த்தபோது வயிற்றுப்போக்கின் அளவும் நீடித்த காலமும் குறைந்தன. இராமகிருஷ்ணா குழுவினரின் இம்முடிவு 2000-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளியானது. நோயாளியின் குடலில் ஏற்கெனவே உள்ள பாக்டீரியாக்களுக்கு உணவளித்து, அவற்றையே மருந்தாக்கும் முறை இது.

தன்னுடல் தாக்குநோய்களோடு இதற்குள்ள தொடர்பு 2013-இல் வெளியான விலங்காய்வுகளால் தெளிவானது. எதிர்ப்பாற்றல் எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' பெருங்குடலில் பெருகுவதற்குக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உதவுகின்றன என்று பல குழுக்கள் எலிகளிடம் கண்டன. நார்ச்சத்தும் செரியா மாவுச்சத்தும் குறைந்த உணவு இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தக்கூடும் என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. மனிதரிடம் இதை நிறுவும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்பதை அறிய, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் மாநில அரசின் நிதியுதவியோடு ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

பழைய சோறு செரியா மாவுச்சத்தும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் உள்ள மலிவான உணவு. அதை உண்பது நலம். அது முடக்குவாதத்தையோ நரம்பு நோயையோ குணமாக்கும் என்று கூறச் சான்று இல்லை. தூய்மையற்ற நீரில் ஊறவைத்தால் கேடும் விளையும்.

குடலும் மூளையும் தொடர்புகொள்ளும் வழிகள்

குடலுக்கும் மூளைக்கும் இடையே குறைந்தது நான்கு வழிகள் உள்ளன. முதலாவது வேகஸ் நரம்பு. இது மூளைத்தண்டிலிருந்து வயிறுவரை இறங்கி, குடலின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கிறது. இரண்டாவது இரத்தத்தில் கலக்கும் நுண்ணுயிரி விளைபொருட்கள். மூன்றாவது எதிர்ப்பாற்றல் செல்கள் சுரக்கும் அழற்சிப் பொருட்கள். நான்காவது குடற்செல்களின் இயக்குநீர்கள். உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உண்டாகிறது. ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை; ஆகவே 'குடலில் செரட்டோனின் கூடினால் மகிழ்ச்சி கூடும்' என்ற பரவலான கூற்று சரியன்று.

இத்தொடர்பு மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நோய், கல்லீரல் சிதைவால் வரும் மூளைப் பாதிப்பு. குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்குகின்றன. நலமான கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். கல்லீரல் சுருங்கியவரிடம் அம்மோனியா மூளையை அடைந்து, தூக்கம் தலைகீழாதல், கை நடுக்கம், குழப்பம், மயக்கம் ஆகியவற்றை உண்டாக்குகிறது. லாக்டுலோஸ் என்னும் செரியாச் சர்க்கரையும் ரிஃபாக்சிமின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லியும் குடலளவிலேயே செயல்பட்டு இந்நிலையைச் சீராக்குகின்றன. சுயநினைவு மங்கிய ஒருவரைக் குடலுக்கு மருத்துவம் செய்து தெளிவடையச் செய்வது உலகெங்கும் அன்றாட நடைமுறை.

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மற்றோர் எடுத்துக்காட்டு. குடலில் வாழும் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் இம்மருந்தை மூளையை அடையுமுன்பே டோப்பமினாக மாற்றிவிடக்கூடும் என்று 2019-இல் காட்டப்பட்டது. புரதம் மிகுந்த உணவோடு உட்கொண்டாலும் இதன் உறிஞ்சுதல் குறைகிறது. இந்நோயாளிகளிடம் மலச்சிக்கல் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றுவதால், நோய் சிலரிடம் குடலில் தொடங்குகிறது என்ற கருதுகோளும் உள்ளது.

மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நுண்ணுயிரிகளின் பங்கு பெரும்பாலும் விலங்காய்வுகளை அடிப்படையாகக் கொண்டது. 2004-இல் சப்பானியக் குழுவொன்று, நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் அழுத்தத்துக்கு மிகையாக எதிர்வினையாற்றுவதையும், இளமையிலேயே ஒரு பிஃபிடோ பாக்டீரியாவைக் கொடுத்தால் அது சீராவதையும் காட்டியது. மனிதரிடம் கிடைத்த முடிவுகள் இன்னும் சீராக இல்லை.

குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் குடல் நலத்தின் பங்கை ஆராய எட்டு நாடுகளில் நடந்த 'மால்-எட்' என்னும் கூட்டாய்வின் களங்களுள் வேலூரும் ஒன்று. பிறந்தது முதல் பின்தொடரப்பட்ட குழந்தைகளிடம், வயதுக்கேற்ற உயரமின்றித் தொடர்ந்து குட்டையாக இருந்தவர்களின் அறிதிறன் பிற்காலத்தில் குறைந்திருந்தது. திரும்பத் திரும்ப வரும் குடல் தொற்றும் போதாத உணவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தூய குடிநீர், கழிப்பிடம், நிறைவான உணவு ஆகியவை இங்கு மூளைக்கான முதலீடுகளாகின்றன.

குடல் கிருமியும் தன்னுடல் தாக்குதலும்

குடல் பாக்டீரியா ஒன்று நரம்பைத் தாக்கும் தன்னுடல் நோயைத் தூண்டுவதற்குத் தெளிவான சான்று கியான்-பாரே நோய்க்கூட்டு. கேம்பைலோபேக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியா, தூய்மையற்ற நீர், சரியாக வேகாத கோழியிறைச்சி ஆகியவற்றின் வழி வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. இதன் வெளிப்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் மனித நரம்பிலுள்ள கேங்கிளியோசைடு என்னும் பொருளை ஒத்தவை. கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருட்கள் நரம்பையும் தாக்குகின்றன. வயிற்றுப்போக்கு வந்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் கால்களிலிருந்து மேலேறும் தளர்ச்சி தோன்றுகிறது. மூச்சுத்தசைகள் செயலிழந்தால் உயிராபத்து. 2025 சனவரியில் புனே நகரில் இந்நோய் திரளாகப் பரவியபோது, நோயாளிகளின் மல மாதிரிகள் சிலவற்றில் இப்பாக்டீரியா கண்டறியப்பட்டது. மாசுபட்ட குடிநீர் மீது கவனம் திரும்பியது. தொற்றுக்குள்ளாவோரில் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது.

முடக்குவாதத்தில் சான்று இவ்வளவு நேரடியானதன்று. 2013-இல் நியூயார்க்கில், புதிதாக நோய் கண்டவர்களின் குடலில் பிரிவோட்டெல்லா கோப்ரி என்னும் பாக்டீரியா மிகுந்திருந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பிரிவோட்டெல்லா, தானியமும் நார்ச்சத்தும் மிகுதியாக உண்ணும் மக்களின் குடலில் இயல்பாகவே மிகுந்திருப்பது. இந்தியரின் குடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், மரக்கறி உணவு மிகுந்த போபால் பகுதியினரிடம் பிரிவோட்டெல்லா ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் உண்ணும் கேரளத்தினரிடம் பாக்டீராய்டஸ் முதலான பிற வகைகள் மிகுந்திருந்தன. ஆகவே மேலைநாட்டு அளவைக் கொண்டு இந்தியர் ஒருவரின் மலப் பரிசோதனையில் 'கெட்ட பாக்டீரியா' என முத்திரையிடுவது பிழையாகலாம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில் மூளை, தண்டுவடத்தின் மயலின் உறையை எதிர்ப்பாற்றல் தாக்குகிறது. இந்நோயாளிகளின் குடல் நுண்ணுயிரிகளை எலிகளுக்கு மாற்றியபோது எலிகளிடம் ஒத்த நோய் மிகுந்ததாக 2017-இல் இரு குழுக்கள் அறிவித்தன. எனினும் மனிதரிடம் உணவால் மட்டும் இந்நோயைத் தடுக்கவோ தீர்க்கவோ இயலும் என்று நிறுவப்படவில்லை.

குடல் நுண்ணுயிரிகளை மாற்றினால் எதிர்ப்பாற்றல் தானே மேம்படும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறுவதில்லை என்பதற்கும் வேலூரில் சான்று உண்டு. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்துக்குச் சில குழந்தைகளிடம் போதிய எதிர்ப்பாற்றல் உருவாகாததற்குக் குடல் பாக்டீரியாக்களே காரணமாகலாம் எனக் கருதி, வேலூர் மாவட்டக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே அசித்ரோமைசின் தரப்பட்டது. நோயுண்டாக்கும் குடல் பாக்டீரியாக்கள் குறைந்தன. சொட்டு மருந்தின் விளைவு கூடவில்லை. இம்முடிவு 2016-இல் வெளியானது.

நடைமுறைப் பயன்

மேற்கண்ட சான்றுகள் ஒரே வலிமை கொண்டவை அல்ல. பி12 குறைபாட்டின் நரம்புப் பாதிப்பு, சீலியாக் நோய், கல்லீரல் நோயின் மூளைப் பாதிப்பு, கியான்-பாரே நோய்க்கூட்டு ஆகியவற்றில் உணவு அல்லது நுண்ணுயிரியின் பங்கு படிப்படியாக அறியப்பட்டுள்ளது. பரிசோதனையும் மருத்துவமும் உள்ளன. முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மனச்சோர்வு, பார்க்கின்சன் ஆகியவற்றில் தொடர்பு தென்படுகிறது. அதை மருத்துவமாக்கும் நிலை வரவில்லை. இந்நோய்களுக்கு மருத்துவர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு உணவு முறையை மட்டும் நம்புவது மூட்டும் நரம்பும் மீளாச் சேதமடைய இடமளிக்கும்.

அரிசியை முதன்மையாகக் கொண்ட உணவில் பருப்பு, கீரை, காய்கறி, நிலக்கடலை, கேழ்வரகு, கம்பு ஆகியவை சேர்ந்தால் நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய நார்ச்சத்து வெவ்வேறு வடிவங்களில் கிடைக்கும். பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் இடம்பெறுவது பி12-க்கு உதவும். இவற்றை முற்றிலும் தவிர்ப்போரும், அறுபது வயதைக் கடந்தோரும், மெட்ஃபார்மின் உட்கொள்வோரும் பி12 அளவைப் பரிசோதித்து, குறைந்தால் மாத்திரை பெறலாம். நுண்ணுயிர்க் கொல்லிகளை மருத்துவரின் சீட்டின்றி வாங்கி உண்பது குடல் நுண்ணுயிரிகளைத் தேவையின்றி அழிக்கும். குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதும், உண்ணுமுன் கை கழுவுவதும் குடல் தொற்றுகளையும் அவற்றின் பின்விளைவுகளையும் குறைக்கும்.